மூன்று புலியும் பதினைந்து ஆடும்

ஆடுபுலி ஆட்டம் இருவர் ஆடும் கட்ட விளையாட்டு. ஒருவரிடம் 3 புலி, எதிராளியிடம் 15 ஆடு. புலி ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை கிடையாது. புலியைச் சூழ்ந்து, அசைய இடமில்லாமல் கட்டிப்போடுவதுதான் அதன் வேலை. சதுரங்கத்திலும் தாயத்திலும் இரு தரப்புக்கும் ஒரே எண்ணிக்கை, ஒரே நடை. இங்கே எண்ணிக்கை வேறு, நடை வேறு, வெற்றிக்கு அர்த்தமும் வேறு. 'பதினைந்தாம் புலி' என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. தெலுங்கு பேசும் ஊர்களில் இதே கட்டம் புலிஜூதம் எனப்படுகிறது. கன்னட நாட்டிலும் ஆடும் புலியுமாகவே இது ஆடப்பட்டிருக்கிறது.

சமமில்லாத இரண்டு பக்கங்களை மோதவிட்டு, முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடாதபடி பார்த்துக்கொள்வது எந்த விளையாட்டிலும் சிக்கலான காரியம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, அரக்கர்களோடு பொருதும் கற்பனை விளையாட்டுகள் 1974க்குப் பிறகு அமெரிக்காவில் வளர்ந்தபோது, இந்த ஒரு சிக்கலுக்காகவே அட்டவணை அட்டவணையாகக் கணக்குகள் எழுதப்பட்டன. ஆடுபுலிக்கு அப்படி எழுதிவைத்த கணக்கு எதுவும் இல்லை. அது கட்டத்தின் கோடுகளுக்குள்ளேயே இருக்கிறது.

ஆடும் காடும் பக்கம் பக்கமாக இருக்கும் சீமைக்கு ஓர் உதாரணம் எரியோடு. அது திண்டுக்கல்லுக்கு வடக்கே கரூர் ரயில் பாதையில், வேடசந்தூர் வட்டத்தில் உள்ள பேரூராட்சி. சுற்றிலும் மழையை நம்பிய மேட்டுக்காடு. மழை பொய்த்த வருஷத்தில் வெள்ளாமை கைவிட்டாலும் குடும்பத்தைத் தாங்கிப் பிடிப்பது பட்டியில் நிற்கும் நாலு ஆடுதான். கிழக்கே கொஞ்ச தூரத்தில் அய்யலூர். வியாழக்கிழமைதோறும் அங்கே கூடும் ஆட்டுச் சந்தை தென் மாவட்டங்களில் பேர்போனது. தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வியாழன்களில் விடியும் முன்பே வண்டிகள் வந்து சேர்ந்துவிடும். அய்யலூரை அடுத்துக் கடவூர்க் குன்றுகள். தேவாங்குக்காக 2022இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் இந்தப் பக்கத்துக் காடுகளைத்தான் உள்ளடக்கியது. தெற்கே சிறுமலை, தென்மேற்கே கொடைக்கானல் மலைத்தொடர். ஆட்டுக்கும் காட்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இல்லாத நிலப்பரப்பு இது.

அந்த இடைவெளி இன்னும் குறைவாக இருந்த காலத்துக்குச் சாட்சியாகக் கொங்கு நாட்டிலும் அதை ஒட்டிய சீமையிலும் புலிக்குத்திக்கற்கள் நிற்கின்றன. பாயும் புலியின் உடலில் ஒருவன் ஆயுதத்தைச் செலுத்தும் காட்சி அவற்றில் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கும். பட்டியையும் ஊரையும் காக்கப் புலியோடு பொருதி மாண்டவர்களுக்கு எடுத்த நடுகற்கள் அவை. பல இடங்களில் இன்றும் அவற்றுக்குப் பூசை நடக்கிறது. ஆடுபுலி ஆட்டத்தில் அந்த வீரன் இல்லை. மேய்ப்பவனும் இல்லை, நாயும் இல்லை. நிஜத்தில் புலிக்குப் பயந்து ஆட்டைப் பட்டியில் அடைப்பார்கள். கட்டத்தில் ஆடுகளே கூடிப் புலியைப் பட்டியில் அடைக்கின்றன. இதை எளியவர் ஒற்றுமையின் உருவகமாகப் படிக்கும் வழக்கம் மேடைப் பேச்சுகளில் உண்டு. ஆடிப் பார்த்தவர்களுக்கு அந்த விளக்கம் அவ்வளவாக ஒட்டாது. நன்றாக ஆடும் ஒருவர், புலியை மூலைக்கு இழுக்க ஓர் ஆட்டைத் தெரிந்தே பலி கொடுப்பார்.

ஆட்டத்தின் வயதைச் சொல்வது எளிதல்ல. கோடு கீறிக் காய் வைத்து ஆடும் பழக்கம் தமிழகத்தில் மிகப் பழையது என்பதில் ஐயம் இல்லை. வைகைக் கரையில் கீழடி அகழாய்வில் பகடைகளும் சுடுமண் ஆட்டக்காய்களும் பானை ஓட்டை உடைத்துத் தேய்த்த வட்டச் சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. இளங்கீரனார் பாடிய நற்றிணை 3ஆம் பாட்டில், வேப்ப மரத்தின் புள்ளி நிழலில் சிறுவர்கள் தரையில் அரங்கு கீறி, நெல்லிக்காயை வட்டாக வைத்து ஆடும் காட்சி வருகிறது. பொன்னை உரைத்துப் பார்க்கும் கல்லில் விழும் கோடுகளுக்கு அந்த அரங்கின் கோடுகளை ஒப்பிடுகிறார் புலவர். கல்லாமை அதிகாரத்தின் முதல் குறளும் (401) இதே ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, நூலறிவு இல்லாமல் அவையில் பேசுவதை அரங்கு இழைக்காமல் வட்டு ஆடுவதற்கு ஒப்பாகச் சொல்கிறது. கட்டம் இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை என்பது அன்றைக்கே உவமையாகும் அளவுக்கு எல்லோருக்கும் தெரிந்த செய்தியாக இருந்திருக்கிறது. ஆனால் நெல்லி வட்டு ஆடுபுலி அல்ல. இரண்டையும் ஒன்றாக்கி 'இரண்டாயிரம் ஆண்டுப் பழமை' என்று எழுதுவது ஆர்வத்தால் வரும் பிழை.

கோயில் மண்டபத் தரைகளிலும் ஊர்ச் சாவடிகளிலும் மலையடிவாரப் பாறைகளிலும் கீறப்பட்ட கட்டங்கள் அடுத்த சான்று. இவற்றிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டு மண்டபத்தில் கட்டம் இருக்கிறது என்றால், கல் பாவிய மறுநாள் கொத்தனார்கள் கீறியதாகவும் இருக்கலாம், நேற்றைக்கு முந்தைய தலைமுறையில் திருவிழாக் காவலுக்கு உட்கார்ந்தவர்கள் கீறியதாகவும் இருக்கலாம். கீறலுக்கு வயது சொல்லும் வழி பெரும்பாலும் இல்லை. கட்டம் உள்ள கல் சுவரில் செங்குத்தாகப் பதிந்திருந்தாலோ, மேலே ஒரு தூண் ஏறி நின்று கட்டத்தைப் பாதி மறைத்திருந்தாலோ மட்டும் துணிந்து சொல்லலாம்: அந்தக் கீறல் கட்டடத்துக்கு முந்தியது. ஏனென்றால் சுவரில் காய் நிற்காது.

கிராமத்து விளையாட்டுகளை எழுத்தில் தொகுக்கும் முயற்சி தாமதமாகத்தான் வந்தது. இலங்கையில் எச். பார்க்கர் 1909இல் வெளியிட்ட பழைய இலங்கை பற்றிய நூலில் அங்குள்ள கட்ட விளையாட்டுகளையும் படத்தோடு குறித்தார். தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தேவநேயப் பாவாணர் 1954இல் நூலாகத் தொகுத்தார். அதற்கு 2 ஆண்டுகள் முன்பு, 1952இல், எச். ஜே. ஆர். மர்ரே சதுரங்கம் தவிர்த்த பலகை விளையாட்டுகளின் வரலாற்றை எழுதியபோது, ஒரு பக்கம் சிலரும் மறுபக்கம் பலருமாக மோதும் ஆட்டங்களை 'வேட்டை ஆட்டங்கள்' என்று தனி இனமாகப் பிரித்தார். ஆடுபுலியும் நேபாளத்தின் பாக்சாலும் ஐரோப்பாவின் நரியும் வாத்தும் அந்த இனத்தைச் சேர்ந்தவை.

ஆட்டத்துக்கு வேண்டிய சாமான் என்று காசு கொடுத்து வாங்க வேண்டியது எதுவும் இருந்ததில்லை. சுண்ணாம்புக் கட்டியோ கரித்துண்டோ செங்கல் சில்லோ கோடு போடப் போதும். திண்ணை கிடைக்காவிட்டால் மண்தரையில் குச்சியால் கீறிக்கொள்ளலாம். காய்க்கு ஒரே நிபந்தனை, புலியும் ஆடும் பார்த்ததும் தெரிய வேண்டும். 3 கூழாங்கல் புலியானால் 15 புளியங்கொட்டை ஆடு. 3 ஓட்டுச் சில்லு புலியானால் 15 வேப்பங்கொட்டை ஆடு. திண்டுக்கல், நத்தம் பக்கம் புளிக்குக் குறைவில்லாததால் கொட்டைக்கும் குறைவில்லை. பல்லாங்குழிக்கும் அதுதான் காய், தாயத்துக்கும் அதுதான் பகடை.

தாயத்துக்குக் கொட்டையைத் தயார் செய்வது ஒரு கைவேலை. 4 கொட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றின் ஒரு பக்கத்தை மட்டும் சொரசொரப்பான கல்லில் உரைப்பார்கள். கருப்புத் தோல் தேய்ந்து உள்ளே இருக்கும் வெள்ளை தெரியும்வரை உரைக்க வேண்டும். விரல் நுனி சுடும். கொட்டையிலிருந்து கிளம்பும் வாசனை தனி. உருட்டும்போது எத்தனை வெள்ளை மேலே விழுகிறதோ அத்தனை எண். நான்கும் கருப்பாக விழுந்தால் 8. ஒற்றை வெள்ளைதான் தாயம். கொட்டை எந்தப் பக்கமும் சரிசமமாக விழும் என்று வைத்துக்கொண்டால், விழக்கூடிய 16 விதங்களில் 4 விதம் தாயம். பித்தளைத் தாயக்கட்டையில் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் வெறுமை, 1, 2, 3 என நான்கு முகம். ஒன்றில் 1, மற்றதில் வெறுமை விழுந்தால்தான் தாயம். 16 விதங்களில் 2 மட்டும். கொட்டையில் சராசரியாக 4 உருட்டலுக்கு ஒரு முறை விழும் தாயம், பித்தளையில் 8 உருட்டலுக்கு ஒரு முறைதான் விழும். காய் இறங்கக் காத்திருக்கும் நேரம் இரட்டிப்பாகிறது. வீட்டில் பித்தளைக் கட்டை இருந்தவர்களின் தாயம் இழுபறியாகவும், கொட்டை உருட்டியவர்களின் தாயம் விறுவிறுப்பாகவும் இருந்ததற்குக் கை ராசியைவிட இந்தக் கணக்கே காரணம். கையில் கிடைத்த பொருள் ஆட்டத்தின் நிறையையே மாற்றுகிறது.

ஆடுபுலியில் பகடை இல்லை. அதிர்ஷ்டத்தின் மேல் பழி போட வழியில்லை. நிறை முழுவதும் கட்டத்திலும் எண்ணிக்கையிலும் நேரத்திலும்தான். கட்டம் போடும் முறை இது: உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து கீழே விரியும் 4 சாய்கோடுகள். அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் ஒரு நீள்சதுரம், அதன் நடுவே ஒரு குறுக்குக் கோடு. சாய்கோடுகளின் கால்களை இணைக்கும் அடிக்கோடு. உச்சியில் 1, மூன்று குறுக்குக் கோடுகளில் ஆறு ஆறாக 18, அடியில் 4 என்று மொத்தம் 23 சந்திகள்.

எல்லாச் சந்தியும் ஒரே மதிப்புள்ளவை அல்ல. புலி ஆட்டை வெட்ட வேண்டுமானால் ஆட்டுக்கு முன்னும் பின்னும் ஒரே நேர்கோட்டில் இடம் வேண்டும்: முன்னால் புலி, பின்னால் காலி. நீள்சதுரத்தின் 4 மூலைகள், அடிக்கோட்டின் 2 முனைகள், உச்சி ஆகிய 7 சந்திகளில் கோடு முடிகிறது அல்லது திரும்புகிறது. அங்கே நிற்கும் ஆட்டைத் தாண்டிப் போக வழி கிடையாது. மற்ற 16 சந்திகளிலும் ஆபத்து உண்டு. விவரம் தெரிந்தவர் முதல் சில ஆடுகளை நீள்சதுர மூலைகளில் ஊன்றிவிட்டு, அவற்றை முதுகாகக் கொண்டு அடுத்த ஆடுகளை இறக்குவது இதனால்தான். பின்னால் இன்னொரு ஆடு நின்றால் முன் ஆட்டையும் வெட்ட முடியாது.

புலியின் பலவீனமும் அதே மூலைகளில்தான் இருக்கிறது. கட்டத்தின் நடுக்கோட்டில் நட்டநடுவே உள்ள சந்தியில் நிற்கும் புலிக்கு நாலு திசையிலும் நடை உண்டு, ஒவ்வொரு திசையிலும் தாண்டவும் இடம் உண்டு. அதைக் கட்டிப்போட அடுத்த 4 சந்தி, அதற்கடுத்த 4 சந்தி என்று 8 காய் தேவை. நீள்சதுர மூலைக்குப் போன புலிக்கு இரண்டே திசை. 4 ஆடு போதும். 3 புலியும் மூன்று மூலைகளில் மாட்டிக்கொண்டால் 12 ஆட்டுக்குள்ளேயே வேலை முடிந்துவிடும். 15இல் குறைந்தது 3 மிச்சம். எந்தப் புலியும் தானாக மூலைக்குப் போய் உட்காராது என்பதால், அந்த மிச்சம் தூண்டிலுக்கும் சேதாரத்துக்குமான கையிருப்பு. எண்ணிக்கையை யார் எப்போது 15 என்று நிறுத்தினார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று இல்லாவிட்டாலும், கூட்டிக் குறைத்து ஆடிப் பார்த்துத்தான் நிறுத்தியிருக்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கே காட்டுகிறது.

காலி இடங்களை எண்ணினாலும் அதே கதைதான். 23 சந்தியில் 3 புலியும் 15 ஆடும் போக மீதி 5. ஓர் ஆடும் சாகாமல் 15ஐயும் இறக்கிவிட்டால் புலிக்கு மூச்சு விடக்கூட இடம் இருக்காது. ஓர் ஆடு வெட்டுப்பட்டால் காலி 6, இரண்டு போனால் 7. ஐந்து ஆடு போன கட்டத்தில் 10 ஆடும் 10 காலியும். அந்த நிலையில் 3 புலியைச் சேர்த்துக் கட்டுவது நடக்கிற காரியம் இல்லை. எத்தனை ஆடு போனால் தோல்வி என்பது ஊருக்கு ஊர் மாறினாலும், ஐந்தாறு என்ற அளவில் பல இடங்களில் நின்றதற்குக் காரணம் இங்கே இருக்கிறது.

மூன்றாவது எடைக்கல், நேரம். ஆடு எல்லாம் முதலிலேயே கட்டத்தில் நிற்பதில்லை. ஒரு முறைக்கு ஒன்றாகத்தான் இறங்கும்; 15ஆவது ஆடு இறங்கும்வரை ஏற்கெனவே இறங்கியவை நகரக் கூடாது. புலிக்கோ முதலிலிருந்தே நடை உண்டு, வெட்டும் உண்டு. ஆட்டத்தின் முன்பாதி புலியின் ராஜ்யம். பின்பாதியில் ஆடு ஒவ்வொரு அடியாக நெருங்கி வரும். புலிக்காரர் முன்பாதியில் இரண்டு மூன்றாவது வெட்டியிருக்க வேண்டும். தவறினால் பின்பாதியில் ஒவ்வொரு புலியாக வாலைச் சுருட்டிக்கொண்டு மூலை தேடும். வேடிக்கை பார்ப்பவர்கள் 'புலி கட்டுச்சு' என்று கூவுவது அப்போதுதான்.

இந்த நிறையைத் தேடி மற்ற நாட்டவர் பட்ட பாட்டையும் வரலாறு குறித்து வைத்திருக்கிறது. இங்கிலாந்தின் நான்காம் எட்வர்ட் (ஆட்சி 1461–1483) அரண்மனைக் கணக்கில், பொன்முலாம் பூசிய வெள்ளியில் 2 நரியும் 26 வேட்டை நாயும் செய்ய உத்தரவிட்ட குறிப்பு உண்டு. அதாவது இரண்டு செட். செட்டுக்கு 1 நரி, 13 நாய். பிற்கால ஐரோப்பாவில் நாயின் இடத்துக்கு வாத்து வந்தது. 13 வாத்தால் நரியை அடக்க முடியவில்லை என்று கண்டு 15 ஆக்கினார்கள், 17 ஆக்கினார்கள். சில ஊர்களில் அதற்கு ஈடாக வாத்தின் பின்னடையைத் தடை செய்தார்கள். அரசன் வெள்ளியில் செய்த காயும் மேய்ப்பவன் பொறுக்கிய கல்லும் தீர்க்க வேண்டியிருந்தது ஒரே பிரச்சினையைத்தான்.

நேபாளத்தின் பாக்சாலில் 25 சந்தி, 4 புலி, 20 ஆடு. 5 ஆட்டை வெட்டினால் புலிக்கு வெற்றி. யூர்க் நீவர்கெல்ட், லிம் யூ ஜின் ஆகிய இருவரும் அந்த ஆட்டத்தைக் கணிப்பொறியில் அலசி, இருபுறமும் தவறே செய்யாமல் ஆடினால் ஆட்டம் சமனில்தான் முடியும் என்று காட்டினார்கள். கணிதம் தெரிந்த எவரும் உட்கார்ந்து வகுக்காத ஓர் ஆட்டம், கணிதத்தின் சோதனையில் நூலிழையில் நின்றது.

நிறை எவ்வளவு மெல்லியது என்பதற்கு ஸ்வீடனின் தாப்லுத் நல்ல சாட்சி. இயற்கையியலாளர் லின்னேயஸ் 1732இல் லாப்லாந்துப் பயணத்தில் பார்த்து நாட்குறிப்பில் எழுதிவைத்த ஆட்டம் அது. 81 கட்டம், நடுவில் அரசனும் 8 காவலரும், சுற்றிலும் 16 எதிரிகள். அந்த நாட்குறிப்பு 1811இல் ஆங்கிலத்தில் வந்தபோது, அரசனைப் பிடிக்கும் விதி தவறாக மொழிபெயர்க்கப்பட்டது. அரசனை எப்போதும் நாலு பக்கமும் சூழ வேண்டும் என்று ஆகிவிட்டது. அதை நம்பி ஆடியவர்கள் அரசன் பக்கமே எப்போதும் ஜெயிப்பதைக் கண்டு, பழைய மக்களுக்கு ஆட்டம் அமைக்கத் தெரியவில்லை என்று நினைத்தார்கள். மூலத்தைத் திரும்பப் படித்த பிறகுதான் குற்றம் ஒரு வாக்கியத்தில் என்று தெரிந்தது. ஆடுபுலிக்கு அந்த ஆபத்து வரவில்லை. அது எழுத்தில் பயணம் செய்யாமல் திண்ணையிலிருந்து திண்ணைக்கு நேரடியாகக் கைமாறியது.

மேசைக் கற்பனை விளையாட்டுகள் இதே பிரச்சினைக்கு வேறு கதவு வழியாக வந்து சேர்ந்தன. அவற்றின் பூர்விகம் ராணுவப் பயிற்சி. பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட போர் விளையாட்டில் வரைபடம், பகடை, நடுவர் மூன்றும் இருந்தன. அந்த மரபில் வந்த பொம்மைப் போர் ஆட்டங்களிலிருந்து கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் மூன்று சிறு புத்தகங்களாக வெளிவந்தது. நாலைந்து பேர் வீரன், மந்திரவாதி என்று பாத்திரமேற்க, ஒருவர் கதையை நடத்துவார். எதிரே வரும் அரக்கர்களைத் தேர்ந்தெடுப்பது அவர் பொறுப்பு. அதிகமாக வைத்தால் அணி முதல் குகையிலேயே செத்துவிடும், குறைத்தால் கொட்டாவி.

கதை நடத்துபவருக்குக் கச்சாப் பொருளும் வேண்டும். தொடக்ககால ஆசிரியர்கள் கையில் கிடைத்த புராணம், நாவல், சினிமா எல்லாவற்றிலிருந்தும் வாரிப் போட்டுக்கொண்டார்கள். 1977இல் வந்த அரக்கர் அகராதியில் நம் ராட்சதனும் இருக்கிறான். ஆனால் படத்தில் புலித் தலையோடு, பட்டு அங்கி போட்டுக்கொண்டு புகைக்குழாய் பிடிக்கிறான். ராமாயணம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இவன் யார் என்றே புரியாது. அவன் அங்கே போய்ச் சேர்ந்த வழி வால்மீகியோ கம்பனோ அல்ல, 1974இல் ஒளிபரப்பான ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். மந்திரித்த அம்புதான் அவனைக் கொல்லும் என்ற விதிகூட அந்தத் தொடரிலிருந்து வந்ததுதான். ஓட்டுச் சில்லைப் புலியாக்கும் சிறுவனின் துணிச்சல்தான் இது என்று வைத்துக்கொண்டாலும், சிறுவனுக்குத் தன் காட்டுப் புலி எப்படி இருக்கும் என்று தெரியும்.

நிறைக்கான கணக்கு மெல்ல மெல்லத் திருந்தியது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு ஒவ்வொரு அரக்கனுக்கும் ஓர் எண் கொடுத்தது. அந்த எண்ணும் நாலு பேர் அணியின் நிலையும் ஒன்றானால், அணி தன் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவழித்து வெல்லும் என்பது கணிப்பு. ஒற்றை அரக்கனுக்கு இது ஓரளவு சரிவந்தது, கூட்டத்துக்குச் சரிவரவில்லை. பலவீனமானவர்கள் பலர் சேர்ந்தால், அவர்கள் பலத்தைக் கூட்டி வருவதைவிட அதிக ஆபத்து உண்டாகிறது. ஒரு சுற்றில் ஒருவனுக்கு ஒரு அடி, பத்துப் பேருக்குப் பத்து அடி. 2014 பதிப்பு இதற்குப் பெருக்கல் வாய்ப்பாடு ஒன்று போட்டது. எதிரிகள் 2 ஆனால் மதிப்பை ஒன்றரையால் பெருக்கு, 3 முதல் 6 வரை 2ஆல், 7 முதல் 10 வரை இரண்டரையால், 11 முதல் 14 வரை 3ஆல், 15உம் அதற்கு மேலும் 4ஆல். உச்சப் பெருக்கல் தொடங்கும் எண் 15 என்பது தற்செயல்தான். 2024இல் திருத்திய பதிப்பு அந்த வாய்ப்பாட்டையே கைவிட்டது.

சூத்திரங்களுக்குள் வராமல் போனது களம். 1987 நவம்பரில் 'டிராகன்' இதழின் 127ஆம் எண்ணில் ஆசிரியர் ரோஜர் மூர் எழுதிய ஒரு தலையங்கம் இன்றும் இந்த விளையாட்டுக்காரர்களின் வட்டாரத்தில் பேசப்படுகிறது. கோபால்டு என்னும், விளையாட்டிலேயே அற்பமான குட்டிப் பூதங்கள், குறுகிய வழிகளையும் மறைவிடங்களையும் நெருப்பையும் பயன்படுத்திப் பெரிய பெரிய வீரர்களை ஓட ஓட விரட்டிய அனுபவம் அது. பூதங்களின் எண் மாறவில்லை, நின்ற இடம் மாறியது. நீள்சதுர மூலையில் ஊன்றிய ஆட்டைப் புலி தொட முடியாததும் இதே காரணத்தால்தான். ஆடுபுலியில் 23 சந்தியையும் மாற்றாமல் காயை மட்டும் கூட்டிக் குறைத்தால் நிறை வராது. கட்டமும் காயும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்தவை. வெற்றுச் சதுரக் கட்டத்தில் 3 புலியையும் 15 ஆட்டையும் விட்டால் அது வேறு ஆட்டம்.

கட்டம் இப்போது மரப்பலகையில் அச்சாகி, துணியில் தைத்து, கொலுவுக்கும் பிறந்தநாளுக்கும் பரிசாகக் கடைகளில் விற்கிறது. கைப்பேசியிலும் ஆடலாம், எதிரே ஆள் தேவையில்லை. அரசியல் செய்தியில் 'ஆடுபுலி ஆட்டம்' என்ற தலைப்பு வாரம் தவறாமல் வருகிறது, அதை எழுதுபவர்களில் எத்தனை பேர் ஆடியிருப்பார்கள் என்பது வேறு விஷயம். சாவடித் திண்ணைகள் சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டப்பட்டபோது பல ஊர்களில் பழைய கீறல்கள் அடியில் போய்விட்டன. எஞ்சியிருப்பவை பெரும்பாலும் கோயில் மண்டபங்களிலும், யாரும் பூச நினைக்காத பாறைகளிலும்தான்.

புதிதாகக் கற்பவர் கையில் ஆட்டைக் கொடுத்தால் தோற்பார். புலியின் நடை கண்ணுக்குத் தெரியும், ஆட்டின் நடை யோசித்தால்தான் தெரியும். அதனால் கற்றுக்கொடுப்பவர் ஆட்டை எடுத்துக்கொண்டு சின்னவருக்குப் புலியைக் கொடுப்பது வசதி. கை பழகிய இருவர் உட்கார்ந்தால் இரண்டு ஆட்டம் ஆடுவார்கள். முதல் ஆட்டத்தில் புலி ஆடியவர் அடுத்ததில் ஆடு. இரண்டிலும் வெட்டுப்பட்ட ஆடுகளைத் திண்ணை ஓரத்தில் தனித்தனியாகக் குவித்து வைத்து, எந்தக் குவியல் பெரிது என்று பார்த்துக்கொள்வார்கள்.